கேலக்டஸ் கதையை எந்த இதழிலிருந்து தொடங்குவது?

நண்பர்களே, பத்து வயது மகளுக்கு நான்கு சாகச வீரர்களைப் பற்றிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற மார்வெல் சித்திரக்கதையின் 48, 49, 50 இதழ்களை வாசித்துக் காட்டப்போகிறேன். 1966-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த, உலகங்களையே விழுங்கும் கேலக்டஸ் பூமிக்கு வரும் கதை.

சிக்கல் 48-இல்தான். முதல் சில பக்கங்கள், இன்ஹியூமன்ஸ் என்ற விசித்திர சக்தி கொண்ட இனத்தாரின் முந்தைய கதையின் வால். முன்கதை தெரியாதவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. கேலக்டஸின் தூதனாகப் பலகையில் பறந்துவரும் சில்வர் சர்ஃபர் வருவதற்குள் அவள் எழுந்து ஓடிவிடுவாள். (எனக்கோ அந்தப் பலகைக்காரனைக் காட்டத்தான் இத்தனை அவசரம்.) அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா, இன்ஹியூமன்ஸ் கதை தொடங்கும் 44-இலிருந்தே தொடங்க வேண்டுமா? 50-இலும் பாதியிலேயே கேலக்டஸ் போய்விடுகிறான். பிறகு நால்வரில் ஒருவனான ஜானி கல்லூரிக்குப் போகிறான்!

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியவர்கள் சொல்லுங்கள். பழைய வண்ணங்களை மாற்றாத மறுபதிப்பு எது என்றும் தெரிந்தால் நல்லது.