இ.எஸ்.எல். பிள்ளைக்கு டைட்டில் 1 ரீடிங் வகுப்பு கிடையாதா?

கார்த்திகா (நியூஜெர்சி): அக்கா மகன் மதுரையிலிருந்து வந்து எட்டு மாதம், மூன்றாம் வகுப்பு. இ.எஸ்.எல்.-இல் (வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு) இருக்கிறான், வாசிப்பு மட்டம். டைட்டில் 1 ரீடிங் (ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நடக்கும் கூடுதல் வாசிப்பு வகுப்பு) கேட்டால் "முதலில் இங்கிலீஷ் வரட்டும்" என்கிறார்கள். சரியா? ஸ்பெஷல் எஜுகேஷன் டெஸ்ட் (கற்றலில் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது) கேட்கலாமா?

செல்வம்: சரியில்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் டைட்டில் 1 தகுதி ஒன்றுதான். அந்தப் பள்ளி டைட்டில் 1 பள்ளியா, பணம் பள்ளி முழுவதற்குமா, பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கு மட்டுமா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் தேவை அதிகமுள்ளவர்களுக்கே முதலிடம். மார்க் குறைவு இவனுக்குச் சாதகம்தான். ஆனால் ரீடிங் கொடுத்துவிட்டு இ.எஸ்.எல்.-ஐ வெட்ட விடாதீர்கள். 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த லாவ் தீர்ப்புக்குப் பிறகு மொழி உதவி பள்ளியின் கடமை. டைட்டில் 1 அதற்கு மேல் வருவது.

மீனா டீச்சர்: தமிழில் சரளமாக வாசிக்கிறானா? வாசித்தால் எழுத்துக் கூட்டும் திறமையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. குறை ஆங்கிலச் சொல்வளத்தில். நம் ப, க, த ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் p-க்கு b, k-க்கு g என்று மாற்றி எழுதுவதை வைத்து டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு) என்று முடிவுகட்டக் கூடாது.

ரீடிங் வகுப்பு சொதப்புவது இங்கேதான்: "வெப்" என்று சரியாகக் கூட்டி வாசிப்பான், அது சிலந்தி வலை என்று தெரியாது. அர்த்தம் தெரியாதவனுக்குத் தான் வாசித்தது சரியா என்று சோதித்துக்கொள்ளவும் வழியில்லை. அர்த்தமில்லாத சொற்களை வாசிக்க வைக்கும் டெஸ்ட் இவனுக்கு இன்னும் மோசம், அதையும் ஏதாவது ஒரு சொல்லாக்கப் பார்ப்பான். ரீடிங் குழுவுக்கு மூன்று நான்கு பேர், அரை மணி நேரம் போதும். முதல் ஐந்து நிமிடம் அன்றைய சொற்களைப் படம் காட்டிப் பேச வைத்துவிட்டு ஃபோனிக்ஸுக்கு (எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி) போகச் சொல்லுங்கள். கணக்கு வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போக விடாதீர்கள்.

ஸ்பெஷல் எஜுகேஷன் மதிப்பீட்டை எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் கேட்கலாம். நியூஜெர்சியில் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள் மீட்டிங் வைக்க வேண்டும். முடிந்தவரை தாய்மொழியில் சோதிக்க வேண்டும். ஆங்கிலக் குறையே காரணமென்றால் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. ஆங்கில டெஸ்டை அப்படியே தமிழில் சொல்லி மார்க் போட்டால் அந்த மார்க் செல்லாது, ஒப்பிடும் அளவுகோல் ஆங்கிலப் பிள்ளைகளுடையது.

கார்த்திகா: நன்றி டீச்சர். இ.எஸ்.எல். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ரீடிங் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார் அத்தான்.

செல்வம்: கிடைக்காது. இ.எஸ்.எல். போகும், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் மொழித்திறனை அளக்கும் வருடாந்தர ஆக்சஸ் தேர்வு போகாது. அதில் வாசிப்பு 35, எழுத்து 35 சதவீதம். கேட்பதும் பேசுவதும் 15, 15. பேச்சு வந்துவிட்டது என்று நிறுத்தினால் மார்க் விழுவது அந்த 70-இல்தான்.