மறு: எண்ணெய் தின்னும் கடல் பாக்டீரியாவுக்கு என்ன சொல்?

வணக்கம். பிளஸ் டூ பசங்களுக்கு கடல் சூழல் கையேடு ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. 2010ல டீப்வாட்டர் ஹொரைசன்ங்கற எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடை விபத்துல மெக்சிகோ வளைகுடாவுல கொட்டுன எண்ணெய்ல ஒரு பங்கை பாக்டீரியாவே தீர்த்துச்சுன்னு ஒரு பாடம். "எண்ணெயுண்ணி"ன்னு போட்டிருக்கேன், சரியா?

—

தம்பி, உண்ணின்னா மாட்டு உண்ணிதான் ஞாபகம் வரும். அதுவும் போக எண்ணெய்ங்கறதே எள்+நெய், எள்ளுலருந்து வர்றது மட்டும்தான் எண்ணெய். பெட்ரோலியம்னா மூலத்துலயே கல்+நெய்தானே, எள்நெய் எண்ணெய் ஆன அதே புணர்ச்சில கல்நெய் கன்னெய் ஆகும். "கன்னெய்ச் சிதைப்பி"ன்னு போடுங்க.

—

ஐயா, புணர்ச்சி சரி, ஆனா மண்ணெண்ணெய்ல எள்ளு எங்க இருக்கு? ஊரே தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய்னு சொல்லும்போது கன்னெய்னா எந்தப் பிள்ளைக்குப் புரியும்? எனக்கு சிதைப்பிலதான் மனசு ஒப்பல. அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ்ங்கற பாக்டீரியாவ எடுத்துக்குங்க, வட கடல் போர்க்கும் தீவோட பேர், 1998ல வெச்சது. சுத்தமான கடல்ல சொற்பமாத்தான் இருக்கும். எண்ணெய் கொட்டுச்சுன்னா சோப்பு மாதிரி ஒண்ண சுரந்து அத பொடித்துளியாக்கி, துளி மேலயே ஒட்டிக்கிட்டு, நொதி வெச்சு அல்கேன்ங்கற, எண்ணெய்ல இருக்குற கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி நுனில ஒரு ஆக்சிஜன சேர்த்து ஆல்கஹாலாக்கி, அப்புறம் கொழுப்பு அமிலமாக்கி, அதுலயே வாழ்ந்து பெருகுது. இது சும்மா சிதைக்கிறது இல்ல, சாப்பாடு. "எண்ணெய்தின்னி"ன்னே வைக்கலாம், எறும்புதின்னி இருக்குல்ல.

—

எறும்புண்ணியும் இருக்கே, அப்ப உண்ணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தின்னிக்கு முன்னாடி த் வரணுமா வேணாமா, பூச்சிக்கொல்லில க் வருதே?

—

ஒற்று கிடக்கட்டும். நான் வகுப்பெடுக்கிறவ, தின்னின்னா பசங்க எல்லாத்தையும் அதுவே தின்னுடும்னு நினைச்சுக்குவாங்க. தாரும், அஸ்பால்டீன்ங்கற கனமான கச்சா எண்ணெய்ப் பகுதியும் வருசக்கணக்கா அப்படியே கிடக்கும். எண்ணெய்ல கார்பன் மட்டும்தான் ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரசும் கடல்தான் கொடுக்கணும், அதனாலதான் 1989 எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெய்க் கசிவுக்கப்புறம் அலாஸ்கா கரையில உரம் போட்டாங்க. சொல் எதுவானாலும் இந்த ரெண்டு வரி பாடத்துல கண்டிப்பா இருக்கணும்.

—

சேர்த்துட்டேன் அம்மா, நன்றி. தின்னின்னா பசங்களுக்கு எளிதா புரியும்ங்கறதால "எண்ணெய்தின்னி பாக்டீரியா"ன்னு அனுப்புறேன், ஒற்று இல்லாமலே.

—

அனுப்புங்க தம்பி, கெடுவ நான் தடுக்கல. ஆனா கலைச்சொல் பட்டியல்ல கன்னெய்னு ஒரு வரி என் பேர்ல இருக்கட்டும். மண்ணெண்ணெய்க்கு பதில் விரிவா நாளைக்கு எழுதறேன்.