கரைக்கு வெளியே ஊற்று கொப்பளிக்கிறது: மூட்டை போட்டு அடைக்கலாமா?

கேள்வி (வாய்க்கால்மேடு):
மேட்டூர் 120 அடி நிறைந்து, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிட்டார்கள். கொள்ளிடம் இருகரை தொட்டு ஓடுகிறது. கரையின் வயல் பக்கம், அடியிலிருந்து பத்தடி தள்ளி ஓரிடத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மணல். நாலு மூட்டையை மேலேயே போட்டு மிதித்துவிடலாமா?

மதகடி:
வேண்டாம் ஐயா, அடைக்கவே கூடாது. இங்கே அடைத்தால் அதே அழுத்தம் வேறு இடத்தில், கரைக்கு இன்னும் நெருங்கிக்கூடக் கிளம்பலாம். பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல, மணலுக்கு. வெளியே வரும் ஒவ்வொரு பிடி மணலும் கரைக்கு அடியிலிருந்து வருவது. அந்தத் துளை ஆற்றை எட்டினால் கரை உட்கார்ந்துவிடும்.

ஒரு சொம்பில் ஊற்றுநீரைப் பிடித்து இரண்டு நிமிடம் வையுங்கள். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். அடியில் மணல் தங்கினால் உடனே வளையம் கட்ட வேண்டும். ஊற்றைச் சுற்றி இரண்டு மூன்று அடி விட்டு, புல்லைச் செதுக்கிவிட்டு மூட்டை அடுக்குங்கள். மூட்டையில் முக்கால் பங்குக்கு மேல் மண் வேண்டாம். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி நிற்கும், இடுக்கு விழும். வாயை மடித்து, செங்கல் வைப்பதுபோல் இணைப்பு மாற்றி மிதிக்கணும். வளையத்தின் அடிப்பக்க அகலம் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். தண்ணீர் வழிய ஒரு பக்கம் வாய் விடுங்கள்.

வரிசை வரிசையாக உயர்த்திக்கொண்டே பாருங்கள். உள்ளே நீர் ஏற ஏற வேகம் குறையும். மணல் நின்று தெளிந்த நீர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வளையத்துக்கு வெளியே புது ஊற்று பிறக்கும்.

வாய்க்கால்மேடு:
கரைச் சரிவிலேயே கலங்கலாகக் கசிந்தால்?

கரைக்காவல்:
நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். களிமண் பூசாதீர்கள். முதலில் பெருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, கடைசியில் கல். மணல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் போய்விடும். வரிசை மாறினால் மண் ஜல்லி இடுக்கு வழியே ஓடிவிடும். ஆற்றுப் பக்கம் வளையின் வாய் தெரிந்தால், அங்கே களிமண் மூட்டை போட்டு அடைக்கலாம்.

இன்னொன்று: மூட்டைக்கான மண்ணைக் கரையடியில் வெட்டாதீர்கள். மணலை அமுக்கி வைத்திருக்கும் மேல்மண் அதுதான். நீர்வளத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மதகடி:
தண்ணீர் வடிந்ததும் காவலை எடுத்துவிடாதீர்கள். ஆறு சட்டென்று இறங்கும்போது நனைந்த கரை ஆற்றுப் பக்கமாகச் சரியலாம். கரை மேல் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அதன்மேல் டிராக்டர் ஏறக் கூடாது.