பதில்: 'எதிர்ப்பொருள் மருந்து இணைமம்' என்பதற்கு மாற்றாக 'மருந்தேந்தி'

அன்புள்ள நண்பர்களுக்கு,

குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (antibody) என்ற புரதத்தோடு புற்றுநோய் மருந்தைக் கோத்துச் செய்யும் மருந்துகளை ஆங்கிலத்தில் antibody-drug conjugate என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'எதிர்ப்பொருள் மருந்து இணைமம்' என்ற முன்மொழிவில் பிழை இல்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள வந்திருக்கும் ஓர் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். எது எதோடு இணைந்தது, எதற்காக இணைந்தது என்று அவருக்கு விளங்காது.

சில மார்பகப் புற்று செல்களின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற ஏற்பி (வளரச் சொல்லும் சைகையைச் செல்லுக்குள் அனுப்பும் புரதம்) அளவுக்கு மீறி இருக்கும். டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு, வளரச் சொல்லும் சைகையைத் தடுக்கிறது. நோயெதிர்ப்பு செல்களையும் அங்கே அழைக்கிறது. 1998 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து. இதற்கு 'இலக்குசார் எதிர்ப்பொருள்' போதும்.

நாம் பெயர் தேடுவது அடுத்த தலைமுறைக்கு. டிராஸ்டுசுமாப் எம்டான்சினில் அதே எதிர்ப்பொருள், தனியாகக் கொடுத்தால் உடல் தாங்காத ஒரு நஞ்சைச் சுமந்துகொண்டு போகிறது. ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் போன பிறகுதான் சுமை அவிழ்கிறது. அப்புறம் வந்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கானில் ஓர் எதிர்ப்பொருளுக்குச் சுமார் 8 மருந்து மூலக்கூறுகள். இணைப்பு வேலை ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. உடலுக்குள் நடப்பது சுமப்பதும் இறக்குவதும்தான். அதனால்தான் 'மருந்தேந்தி' என்கிறேன்.

பெயரில் இந்தச் சுமை தெரிந்தே ஆக வேண்டும். 2013இல் எம்டான்சினுக்கு அனுமதி தந்தபோது, வெறும் டிராஸ்டுசுமாபோடு மாறிப்போகக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெயருக்கு முன்னால் 'ஆடோ' என்ற ஒட்டைச் சேர்த்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் அளவு எம்டான்சினுக்குக் கிலோவுக்கு 3.6 மில்லிகிராம், வெறும் டிராஸ்டுசுமாபுக்கு 6, முதல் தடவை 8. மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து.

'நச்சேந்தி' இன்னும் துல்லியம் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பயந்துபோயிருப்பவர் கையில் அந்தச் சொல் அச்சடித்த தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

'ஏந்தி' என்றால் வெறும் தட்டு போல் ஒலிக்கிறது, எதிர்ப்பொருளின் சொந்த வேலை மறைந்துபோகிறது என்ற மறுப்பு நியாயமானது. சரி, முழுப்பெயர் 'மருந்தேந்து எதிர்ப்பொருள்' என்றும் சுருக்கம் 'மருந்தேந்தி' என்றும் வைக்கலாம். இலங்கை நண்பர்கள் 'மருந்தேந்து பிறபொருளெதிரி' என்று எழுதினாலும் சுருக்கம் மாறாது.

மருந்தையும் எதிர்ப்பொருளையும் கோக்கும் கண்ணிக்கு இன்னும் பெயர் இல்லை. 'பிணைப்பி' என்று நினைத்தேன். செல்லுக்குள் போனதும் மருந்து விடுபட வேண்டும் என்பது அந்தச் சொல்லில் தெரியவில்லை. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.