அலோன்சோ இல்லேன்னு ஆயிடுச்சு. க்ளாப்புக்கு அப்புறம் ஆன்ஃபீல்டுக்கு யாரு? (லிவர்பூல் ரசிகர் ஃபோரம், ஏப்ரல் 2024)

கோப்மூலை:

வெள்ளிக்கிழமை நம்ம பழைய மிட்ஃபீல்டர் அலோன்சோ தானே வாயைத் திறந்து சொல்லிட்டார், அடுத்த சீசனும் ஜெர்மனியில லெவர்குசன் கோச்சாத்தான் இருப்பேன்னு. ஜனவரி 26 அன்னிக்கு நம்ம மேனேஜர் க்ளாப் இந்த சீசனோட கிளம்பறேன்னு சொன்ன நிமிஷத்துலேர்ந்து நம்மாளுங்கள்ல பாதிப் பேர் அலோன்சோவுக்குப் பட்டாபிஷேகமே நடத்தி முடிச்சிருந்தாங்க. 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல மிலான் கீப்பர் டிடா தடுத்து விட்ட பெனால்டியைத் திரும்ப ஓடி வந்து வலைக்கூரைக்கு அடிச்ச ஆளாச்சே, பாசம் விடுமா? 17-வது இடத்துல கிடந்த டீமை 2022 அக்டோபர்ல கையில எடுத்தவர், இந்த சீசன்ல இன்னும் ஒரு மேட்ச் தோக்கல. எனக்கும் ஆசை இருந்துச்சு. சரி, முடிஞ்சு போன கதை.

நேத்து ப்ரைட்டனை 2-1னு முடிச்சு 67 பாயின்டோட மேல நிக்கறோம், ஆர்சனல் 65, சிட்டி 64. இந்த நேரத்துல இந்தப் பேச்சு எதுக்குன்னு திட்டறவங்க திட்டிக்குங்க. எனக்குத் தூக்கம் வரல.

உலகத்துல இப்ப இருக்கற பெரிய கோச் யாருங்கறது என் கேள்வி இல்ல. இந்த ஸ்குவாடை வாங்கி, ஆகஸ்ட்ல முதல் மேட்ச்சுலேர்ந்து ஆட வைக்கப் போறவர் யாரு? போன வருஷம் மிட்ஃபீல்டை அடியோட மாத்தினோம். மக்காலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, க்ராவன்பெர்க், ஒரே சம்மர்ல நாலு பேர். ட்ரென்ட் போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து பாதி நேரம் ரைட் பேக், மீதி நேரம் எண்டோ பக்கத்துல நின்னு பந்தைப் பிரிச்சுக் கொடுக்கற வேலை. வெம்ப்ளியில லீக் கப் ஃபைனல்ல செல்சியை எக்ஸ்ட்ரா டைம்ல சாச்சப்ப க்ளார்க், மெக்கானல், டான்ஸ்னு சின்னப் பசங்க ஆடினாங்க. இவ்வளவையும் உடைக்காம எடுத்துட்டுப் போறவர் வேணும்.

அந்தக் கால மேனேஜர் ஷாங்க்ளி போனப்ப பக்கத்து ரூம்லேர்ந்து அவரோட அசிஸ்டன்ட் பேஸ்லியை உக்கார வச்ச மாதிரி செய்யலாமேன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. அசிஸ்டன்ட் கோச்சுங்க லைண்டர்ஸும் க்ராவியட்ஸும் க்ளாப்போடவே கிளம்பறாங்க. அப்ப கோச்சுங்க கூடிப் பேசின பூட் ரூம்ல இப்ப ஆள் இல்ல.

ஓவர்லேப்66:

இதுல யோசிக்க என்ன இருக்கு, போர்ச்சுகல்ல ஸ்போர்ட்டிங் கோச் அமோரிம்தான். ப்ராகாவுல கோச்சாகிச் சில மாசம்தான் ஆகியிருந்தது, அப்பவே 2020-ல ப்ராகாவுக்கு ஒரு கோடி யூரோ கொடுத்துத் தூக்கிட்டு வந்தது ஸ்போர்ட்டிங். ஊரே சிரிச்சுது. அடுத்த சீசனே 19 வருஷம் கழிச்சு லீக் டைட்டில். வயசு இன்னும் 40 ஆகல. பிரஸ் மீட்ல பேசறதைக் கேளுங்க, க்ளாப்புக்கு அப்புறம் அந்த மைக் முன்னாடி உக்கார ஒரு ஆள் வேணும்னா இவர்தான். கவென்ட்ரிலேர்ந்து யோகெரஸைக் கொண்டு வந்து என்ன பண்ணியிருக்கார்னு பாருங்க. நம்ம ஸ்ட்ரைக்கர் நுனியஸை அவர்கிட்ட ஆறு மாசம் விட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை.

ஆறுகோப்பை:

ப்ரைட்டன் கோச் டி ஸெர்பி பேரை யாருமே எடுக்கலியே? பிரிமியர் லீக் தெரியும், நம்மளையும் தெரியும். ப்ரைட்டன்ல அவரோட முதல் மேட்ச்சே ஆன்ஃபீல்டுல 3-3, ட்ரோசார் ஹாட்ரிக். அப்புறம் அவங்க ஊர்ல 3-0, எஃப்ஏ கப்புல 2-1. அந்த 3-0-ஐ நான் இன்னும் மறக்கல.

கோப்மூலை:

@ஆறுகோப்பை அந்த 3-0-ஐ நானும் மறக்கல அண்ணே, மறக்க விடமாட்டேங்கறீங்க. ஆனா டி ஸெர்பி டீம் ஆடறதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. அவங்க டிஃபெண்டர் டங்க் பந்து மேல உள்ளங்காலை வச்சுக்கிட்டு அப்படியே நிப்பார். ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட். எதிராளி பாய்ஞ்சு வந்தாத்தான் பந்து நகரும், அவன் விட்டுட்டு வந்த இடத்துக்குள்ள போகும். அழகா இருக்கும், ஒத்துக்கறேன். எதிராளி வரவே இல்லைன்னா? இந்த சீசன் லூட்டன்கிட்ட 4-0, ரோமாகிட்ட 4-0னு தோல்வி. வான் டைக் பந்தை மிதிச்சுக்கிட்டு நிக்கறதை ஆன்ஃபீல்டுல உக்காந்திருக்கற கூட்டம் எத்தனை நாள் பொறுத்துக்கும்? பந்து முன்னால போகலைன்னா அங்க முனகல் கேக்க ஆரம்பிச்சிடும். தவிர அவருக்கும் கிளப் ஓனருக்கும் ஒத்துப் போறது எப்பவும் கொஞ்ச நாள்தான்.

@ஓவர்லேப் தம்பி, அமோரிம் நல்ல கோச்சா இல்லையான்னு நான் சண்டைக்கு வரல. 3-4-3, அதாவது பின்னால மூணு பேர், நடுவுல ரெண்டு பேர், ரெண்டு ஓரத்துலயும் விங் பேக், முன்னால மூணு. அதை அவர் யாருக்காகவும் மாத்தறதில்ல. இப்ப ஒரு பேப்பரை எடுத்து நம்ம டீமை அதுல எழுதிப் பாருங்க. நடுவுல ரெண்டே இடம். மக்காலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, க்ராவன்பெர்க், ஜோன்ஸ், எலியட், ஆறு பேர். இதுல யாரை விக்கறீங்க? ட்ரென்டை விங் பேக்கா கோட்டோரம் ஓட விட்டா, மைதானம் முழுக்கத் தெரியற இடத்துல நின்னு பாஸ் போடற ஆளை வாய்க்கால் ஓரம் காவலுக்கு நிறுத்தின மாதிரி. கொனாட்டேவுக்கும் வான் டைக்குக்கும் நடுவுல மூணாவது சென்டர் பேக் வேற வாங்கணும். போன வருஷம் கொட்டின காசெல்லாம் என்ன ஆறது?

சலா கதை தனி. சலா, வான் டைக், ட்ரென்ட் மூணு பேர் கான்ட்ராக்டும் 2025-ல முடியுது. வர்ற ஆளு முதல் வாரமே இவங்களை உக்கார வச்சுப் பேசணும். "உன் இடத்தை மாத்தப் போறேன்"னு பேச்சை ஆரம்பிக்கற மேனேஜர் எனக்கு வேணாம்.

ஓவர்லேப்66:

அப்ப யாருதான் வேணும் உங்களுக்கு? எல்லாரையும் வேணாம்னா பழைய மேனேஜர் ஹாட்ஜ்சனைத்தான் திரும்பக் கூப்பிடணும்.

கோப்மூலை:

அந்தப் பேரை இங்க எழுதாத. அவர் இருந்த ஆறு மாசமே போதும்டா சாமி.

பேஸ்லிதாசன்:

ரொம்ப நாளா எழுதாம இருந்தேன், ஹாட்ஜ்சன் பேரைப் பாத்ததும் வந்துட்டேன்.

ஆர்னே ஸ்லாட், நெதர்லாந்துல ஃபெயனூர்ட் கோச். சிரிச்சு முடிங்க, அப்புறம் படிங்க.

மேனேஜரைத் தேர்ந்தெடுக்கப் போறது யாருன்னு முதல்ல பாக்கணும். முன்னாடி நமக்கு ஆள் எடுத்துக் கொடுத்த மைக்கேல் எட்வர்ட்ஸ் போன மாசம் திரும்பி வந்திருக்கார், ஸ்போர்ட்டிங் டைரக்டரா போர்ன்மத்லேர்ந்து ரிச்சர்ட் ஹியூஸ் வர்றார். 2015-ல க்ளாப்பைக் கொண்டு வந்தப்ப டார்ட்மண்ட் லீக்ல 7-வது. நடுவுல கடைசி இடத்துலயே கிடந்தாங்க. நம்ம டேட்டா ஆளுங்க அந்த சீசனோட மேட்ச்சையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு, டீம் நல்லாத்தான் ஆடுது, கோல்தான் விழலைன்னு சொன்னாங்க. அதே ஆளுங்க இந்த முறை பிரஸ் மீட் பேச்சைக் கேட்டு முடிவு பண்ண மாட்டாங்க.

2022 சம்மர்ல ஃபெயனூர்ட் டீமைக் கூண்டோட வித்தாங்க. மலாசியா மான்செஸ்டர் யுனைடெட், சினிஸ்டெரா லீட்ஸ், ஆர்ஸ்னெஸ் பென்ஃபிகா, செனேசி போர்ன்மத். ஐரோப்பிய ஃபைனல் ஆடின டீம் அது, பாதி கரைஞ்சு போச்சு. அடுத்த மே மாசம் ஸ்லாட் கையில லீக் டைட்டில். அந்த செனேசியை வாங்கினப்ப போர்ன்மத்ல ஆள் எடுக்கற வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தது யாரு? இதே ஹியூஸ். ஸ்லாட் பயிற்சி கொடுத்த பையன் வந்து இறங்கறப்ப எப்படி இருப்பான்னு அவருக்கு நேரடியாத் தெரியும்.

ஆட்டம்? பின்னால நாலு பேர், மேல போய் ப்ரெஸ் பண்றது, பந்து போனா அங்கேயே திருப்பிப் பிடுங்கறது. கோப்மூலை கேட்ட மாதிரி யாரையும் இடம் மாத்த வேண்டியதில்ல. க்ளாப்பை விடப் பந்தைக் கொஞ்சம் கூடுதலா வச்சுப்பார், அவ்வளவுதான். எனக்கு அதுல சந்தோஷம்தான். இந்த சீசன் எத்தனை மேட்ச்ல முதல் கோலை வாங்கிட்டு அப்புறம் துரத்தறோம்? நேத்து வெல்பெக் அடிச்சப்ப ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

ஓவர்லேப்66:

டச்சு லீக் அண்ணே! மான்செஸ்டர் யுனைடெட்ல திணறற டென் ஹாக் எங்கேருந்து வந்தார்னு மறந்துட்டீங்களா? ஃப்ராங்க் டி போர் க்ரிஸ்டல் பேலஸ்ல நாலு லீக் மேட்ச், நாலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்ல. தவிர உங்க ஆளுக்கு ரோமான்னாலே ஜுரம். 2022 கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல், போன வருஷம் யூரோப்பா காலிறுதி, இந்த வருஷம் பெனால்டில, மூணு வருஷமும் ரோமாவே வீட்டுக்கு அனுப்பியிருக்கு.

பேஸ்லிதாசன்:

போர்ச்சுகல்லேர்ந்து வந்த வில்லாஸ்-போவாஸ் செல்சியில ஒரு சீசன்கூட முழுசா ஓட்டல. அதே ஊர்லேர்ந்துதான் மொரின்யோவும் வந்தார். லீகை வச்சு ஆளை எடை போட முடியாது. ஃபைனல் தோத்த கணக்கு எடுத்தா 2013, 2016, 2018 மூணும் க்ளாப் கணக்குலதான் வரும். அதுக்காக அவரை வேணாம்னு சொன்னோமா?

ஆறுகோப்பை:

ஆளைப் பாத்தா பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கார். ஆன்ஃபீல்டுல கோப் ஸ்டாண்ட் முன்னாடி வந்து க்ளாப் மாதிரி நெஞ்சுல குத்திக்குவாரா?

கோப்மூலை:

குத்திக்க வேணாம்கறேன். க்ளாப் பண்ணின மாதிரி பண்றவர் யார் வந்தாலும் மூணாவது வாரமே நாமதான் கேலி பண்ணுவோம். கூட்டத்தைக் கிளப்பி விடறது க்ளாப்போட வேலை, அது அவரோடயே போகட்டும். பேஸ்லி மைக் முன்னாடி பேசத் தெரியாத மனுஷர், ஒன்பது சீசன்ல ஆறு லீக், மூணு ஐரோப்பியக் கோப்பை.

நான் ஸ்லாட் பத்தி இதுவரைக்கும் சரியா யோசிச்சதில்ல, அந்த செனேசி விஷயம் புதுசு. ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. ஃபெயனூர்டோட ஊர் ராட்டர்டாம்ல எல்லா ஆட்டக்காரனும் அவர் சொன்னா கேப்பான், பாதிப் பேர் 22, 23 வயசுப் பசங்க. இங்க சலாவை 70-வது நிமிஷம் வெளிய எடுத்தா அந்த முகம் எப்படி மாறும்னு க்ளாப்புக்கே தெரியும். ஸ்லாட் அதுக்கு ரெடியா?

பேஸ்லிதாசன்:

அது யாருக்குமே வந்து உக்காந்தாத்தான் தெரியும். அலோன்சோ வந்திருந்தாலும்.

ஓவர்லேப்66:

(ஒரு வாரம் கழிச்சு) மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் ட்ராஃபோர்ட்ல 28 ஷாட் அடிச்சு 2-2. குவான்சா போட்ட பாஸை ப்ரூனோ நடுக்கோட்டுலேர்ந்து உள்ள அனுப்பினதை இன்னும் ஜீரணிக்க முடியல. அங்க அதே நாள் உங்க பேங்க் மேனேஜர் அயாக்ஸை 6-0.

பேஸ்லிதாசன்:

பாத்தேன். முழு மேட்ச்சும் பாத்தேன். ஒண்ணும் சொல்லல.

கோப்மூலை:

நீங்க சொல்லலைன்னாலும் எனக்குக் கேக்குது அண்ணே. ஆனா இந்த வருஷ அயாக்ஸ் அயாக்ஸே இல்ல, அதை வச்சு யாரும் கணக்குப் போடாதீங்க. எனக்கு அந்த ஆறு கோலை விட, அஞ்சு அடிச்சதுக்கு அப்புறமும் அவங்க எங்க நின்னு ப்ரெஸ் பண்ணினாங்கங்கறதுதான் பாக்கணும். முழு மேட்ச் ரெக்கார்டிங் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஹைலைட்ஸ் வேணாம்.