தொடக்ககாலத் தொலைக்காட்சி நாடகம் மேடைக்கு நெருக்கமானதா, சினிமாவுக்கு நெருக்கமானதா?

முள்ளியவளை ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். மேடையிலிருந்து சினிமா வந்தது, சினிமாவிலிருந்து தொலைக்காட்சி நாடகம் வந்தது என்று நேர்கோடாகவே குறிப்பு எழுதிக் கொடுத்து வந்திருக்கிறோம். பழைய தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் பதிவைப் பார்த்த மாணவி ஒருத்தி, "சினிமாவிலிருந்து வந்ததென்றால், இவர்கள் ஏன் ஓர் அறையை விட்டு வெளியே போகாமல் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்கின்ற பிள்ளைகளுக்கு இந்த மூன்று கலைகளின் உறவை எப்படி விளக்குவது பொருத்தமாக இருக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்:

ரீச்சர், உங்கள் மாணவி கண்டது சரியானது. சினிமா தொடக்கத்திலிருந்தே படச்சுருளில் பதியப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்ட கலை. தொலைக்காட்சிக்கோ முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக, நடிப்பைப் பதிந்து வைத்துத் திருத்தி ஒளிபரப்பும் எளிய வசதி இருக்கவில்லை. நடிகர் நடிக்கும் அதே கணத்தில் வீட்டிலிருப்பவர் பார்த்தார். வசனம் மறந்தால் மறந்ததுதான். இந்த ஒரு காரணத்தினால்தான் அது சினிமாவை விட மேடைக்கு நெருங்கி நின்றது.

1928 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஒரு நாடகம் பரிசோதனையாக ஒளிபரப்பப்பட்டது. படம் மிகச் சிறியதாகவும் மங்கலாகவும் இருந்தமையால் ஒரு முகத்தையோ ஒரு சோடிக் கைகளையோ மட்டுமே காட்ட முடிந்தது. ஆகவே முகத்துக்கு ஒருவரும் கைகளுக்கு வேறொருவருமாக நடித்தார்கள். மேடையில் உச்சி முதல் பாதம் வரை நடிக்கின்ற உடல் அங்கே இரண்டு பேராகப் பிரிந்து போனது. வகுப்பில் இதை அவசியம் சொல்லுங்கள். லண்டனில் 1930 ஜூலை 14 அன்று இத்தாலிய நாடகாசிரியர் பிராண்டெல்லோவின் ஓரங்க நாடகம் ஒளிபரப்பானது. 1936 நவம்பரில் பிபிசி ஒழுங்கான சேவையைத் தொடங்கிய பின்னர், நகரத்து அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த நாடகங்களின் காட்சிகளை அதே நடிகர்களுடன் நிலையத்துக்குள் கொண்டுவந்து நடிக்க வைத்தார்கள்.

இன்னுமொரு சம்பவம் இந்த உறவைத் தெளிவாகக் காட்டுகிறது. 1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, ஜோர்ஜ் ஓர்வெலின் நாவல் ஒன்றைத் தழுவிய நாடகத்தை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. அந்த வாரமே வியாழக்கிழமை அதை மறுஒளிபரப்புச் செய்தபோது பழைய பதிவை ஓட்டவில்லை. நடிகர்கள் அனைவரும் மீண்டும் வந்து முழு நாடகத்தையும் இரண்டாம் முறை நடித்தார்கள். மேடையில் அடுத்த நாள் ஆட்டம் நடப்பது போலத்தான் அது நடந்தது. 1956இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ நாடா வந்த பிறகே இந்த நிலை மெல்ல மாறியது.

நேர்கோடு பொருந்தாது என்பதற்கும் சான்று உண்டு. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் அடைபட்டு வாதிடுகின்ற ரெஜினல்ட் ரோஸின் நாடகம் 1954இல் தொலைக்காட்சிக்காகவே எழுதப்பட்டது. பின்னர் மேடைக்குப் போனது. 1957இல் திரைப்படமாகவும் வந்தது. நேரடி ஒளிபரப்பில் காட்சிக்குக் காட்சி இடம் மாற்றுவது கடினம் என்பதால் எழுத்தாளர்கள் ஓர் அறையையே களமாக்கி, அதற்குள் மனிதரை நெருக்கிப் பார்த்தார்கள். உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை அதுதான்.

வவுனியாவிலிருந்து ஒருவர்:

மேலே எழுதியவர் மேல்நாட்டு நிலையை நன்றாகச் சொல்லியிருக்கிறார். தமிழில் வரிசை வேறு விதமானது, ஏனென்றால் நமக்குத் தொலைக்காட்சி மிகவும் பிந்தி வந்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாலர் கம்பனிகளில், அதாவது சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுக்களில், பாடவும் பேசவும் பழகியவர்களே, 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படம் வந்தபின் திரைக்குப் போனார்கள். அந்தப் படத்தின் கதாநாயகி ரி. பி. ராஜலட்சுமி மேடை நடிகை. 1935இல் நந்தனார் வேடத்துக்கு ஒரு லட்சம் ரூபா பெற்ற கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் புகழ்பெற்ற பின்னரே திரைக்கு வந்தவர். கமெரா முன்வரிசை ஆசனத்தில் அசையாது இருக்க, நடிகர்கள் அதற்கு முகம் காட்டிப் பாடினார்கள். 1952இல் 'பராசக்தி', 1954இல் 'ரத்தக்கண்ணீர்' இரண்டுமே மேடையில் நடந்து பின் படமானவை.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஓகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது வீடியோ நாடா இருந்தது. இருந்தும் அங்கே சபா எனப்படும் கலை மன்றங்களில் நடித்துவந்த நாடகக் குழுக்களை நிலையத்துக்கு அழைத்து ஒரு வரவேற்பறை 'செற்'றுக்குள் நடிக்க வைத்தார்கள். மேல்நாட்டில் தொழில்நுட்பம் செய்த வேலையை இங்கே செலவுச் சுருக்கமும், வசனம் மனப்பாடமான குழுக்கள் கைவசம் இருந்தமையும் செய்தன என்பது என் கருத்து. இலங்கையில் ஐ.ரி.என். தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. நம் நாட்டில் மேடைக்கும் திரைக்கும் நடுவே வானொலி நின்றதையும் மறக்கக்கூடாது: 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படம் வானொலியில் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து உருவானது.

ஆனால் எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. இங்கே குறிப்பிட்ட மேடையெல்லாம் ஒரு பக்கம் திறந்த மேடை. இசை நாடகத்துக்குச் சீன் (வரைந்த பின்திரை) கட்டியபோதே பார்வையாளர் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டார்கள். கமெரா அந்த ஒரு பக்கத்தை இன்னும் குறுக்கியது. கூத்து ஆடும் வட்டமான வெளியான வட்டக்களரியில் சனம் சுற்றி இருக்கும், கூத்தர் எல்லாத் திசைக்கும் ஆடிக் கொடுப்பார். கூத்தைத் தொலைக்காட்சிக்காகப் பதிந்த பதிவுகளில் ஆட்டக்காரர் வரிசையாக நின்று ஒரே திசையைப் பார்த்து ஆடுவதைக் காணும்போது, பாட்டு மட்டுமே மிஞ்சி ஆட்டம் போய்விட்டதாகவே தோன்றுகிறது.

மல்லாவியிலிருந்து ஒருவர்:

இருவருடனும் ஓரளவுக்கு முரண்படுகிறேன். நேரடி நாடகமாயினும் பல கமெராக்களை வைத்து, ஒளிபரப்பாகும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார்கள். எவரது முகத்தை எந்தக் கணத்தில் காண வேண்டும் என்பதைப் பார்வையாளருக்குப் பதிலாக நெறியாளர் முடிவு செய்தார். மேடையில் அந்த அதிகாரம் எவருக்கும் இல்லை. அது சினிமா கொடுத்த சொத்து. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலெடுத்துப் பழகிய நடிகர், முகம் திரை முழுவதும் நிறைந்தபோது புருவத்தைக்கூட அடக்க வேண்டியதாயிற்று.

வன்னியைப் பொறுத்தவரை, மின்சாரம் இல்லாத எண்பதுகளிலும் அதன் பின்னரும் தொலைக்காட்சிப் பெட்டி எங்களுக்கு ஒரு படமாளிகையாகவே அறிமுகமானது. ஜெனரேற்றரும் டெக்கும் (வீடியோ நாடா ஓட்டும் கருவி) வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும் வரை படங்கள் ஓடின. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். படத்தின் வசனமும் பாட்டும் மட்டும் கேட்கும் திரைப்பட ஒலிச்சித்திரங்களும் அதில் வந்தன. மேடையிலிருந்து வந்த படங்களே காதால் கேட்டு ரசிக்கத் தோதாக இருந்தன, ஏனெனில் கதை முழுவதும் வசனத்தில் இருந்தது. மேடை, சினிமா, வானொலி மூன்றும் அந்த இருட்டில் ஒன்றாயின.

முள்ளியவளை ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. நேர்கோட்டுக் குறிப்பை விட்டுவிடுகிறேன். கண்ணகி கோவலனிடம் சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தை மாணவர்களைக் கொண்டு மூன்று முறை நடிக்கச் செய்யப் போகிறேன்: முதலில் வட்டக்களரியில், அடுத்துப் பாடசாலை மேடையில், பின்னர் முகமும் கைகளும் மட்டுமே தெரியும்படி கைபேசியில். களரி ஆட்டத்தைப் பதிய வேண்டுமானால் கைபேசியை எங்கே வைப்பது நல்லது?

வவுனியாவிலிருந்து ஒருவர்:

வெளியே தாங்கியில் நிறுத்த வேண்டாம். ஒரு மாணவரிடம் கொடுத்து, களரிக்குள்ளேயே, கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஆட்டக்காரர் திரும்பும்போது அவரும் திரும்பட்டும். சுற்றியிருக்கும் சனத்தின் முகங்களும் படத்தில் விழும். அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள்.