ஒட்டுப்போட்ட இடத்தின் அளவைச் சராசரியில் சேர்க்கலாமா?

வணக்கம். பழைய தார்ச்சாலை ஒன்றில் தார் தெளித்து, சில்லு ஜல்லி பரப்பி உருட்டப்போகிறோம். அதற்கு முன் மேற்பரப்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 19 மி.மீ. எஃகு உருண்டையைச் சாலையில் வைத்து, 4.5 கிலோ மார்ஷல் சுத்தியலால் (குறித்த உயரத்திலிருந்து எடை விழும் சோதனைச் சுத்தியல்) ஒரே ஒரு அடி. உருண்டை எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறேன்.

சக்கரத் தடத்தில் 2 மி.மீ. சுற்றி வருகிறது. சரி, நல்ல கெட்டி. ஆனால் புதிதாகக் குழி அடைத்த ஒட்டுகளில் 5 மி.மீ. வரை இறங்குகிறது, உருண்டையை எடுத்தால் பளபளவென்று கருப்பாக ஒரு கிண்ணம் தெரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த மென்மையே மறைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. முன்பு ஒரு வேலையில் இப்படித்தான் நடந்தது. முதல் கோடையிலேயே ஜல்லி உள்ளே புதைந்து, தார் மேலே கசிந்து, மழையில் வண்டிகள் வழுக்கின. மறுபடி அப்படி ஆகக்கூடாது.

ஒட்டுகளைத் தனிப் பகுதியாகக் கணக்கிட்டு அங்கே மட்டும் தாரைக் குறைப்பீர்களா? இல்லை, முதலில் பெரிய ஜல்லியை உருட்டிப் பதித்துவிடுவீர்களா? அப்புறம், காலையில் ஒரு அளவு, மதிய வெயிலில் அதே இடத்தருகே வேறு அளவு. சாலை வெப்பநிலையைக் குறித்துதான் வைத்திருக்கிறேன். திருத்தம் செய்தால் போதுமா, ஒரே நேரத்தில் திரும்ப எடுக்கவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.